இத்தா எப்ப முடியும்? திகதிக் கணக்கும் கணினி நிரலும்

எங்கட மாமா மௌத்தானது ஒரு ஜூலை மாதம் 5ஆம் திகதி. அஸர் முடிந்து, மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்கு முன்பு. பிறை அப்போது பாதி மாதத்தைத் தாண்டியிருந்தது. இந்த விபரங்களை நான் அன்று கவனிக்கவில்லை. ஜனாஸா வேலைகளுக்குள் யார்தான் அதையெல்லாம் கவனிப்பார்? ஆனால் பிறகு வந்த சிக்கலெல்லாம் இவற்றில்தான் தங்கியிருந்தது.

மாமி என் வாப்பாவின் தங்கை. அவவின் மூத்த மகன் கட்டாரில் வேலை செய்கிறான். வாப்பாவின் ஜனாஸாவுக்கு வந்துசேர அவனால் முடியவில்லை. மூன்றாம் நாள் இரவு எனக்குக் கோல் எடுத்தான்.

"மச்சான், உம்மாட இத்தா எப்ப முடியுது எண்டு சரியாப் பார்த்துச் சொல்லு. அண்டைக்கு நான் உம்மாவோட நிக்கணும். இப்பவே லீவு எழுதி டிக்கட் போட்டாத்தான் சரிவரும்."

கணினி நிரல் எழுதுவது என் தொழில். கணவனை இழந்த பெண்ணின் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். இரண்டு வரி நிரல் எழுதினேன். ஜூலை 5உடன் நான்கு மாதத்தைக் கூட்டு, பத்து நாளைக் கூட்டு. நவம்பர் 15 என்று விடை வந்தது. அவனும் நவம்பர் 14ஆம் திகதி பின்னேரம் வந்திறங்குவதற்கு டிக்கட் போட்டுவிட்டான்.

ஒரு கிழமை கழித்து எங்கள் பள்ளி மௌலவி வீட்டுக்கு வந்தார். பேச்சோடு பேச்சாகத் திகதியைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, இத்தாவுக்கு இங்கிலீசு மாதம் எடுக்கிறல்ல, பிறை மாதம்தான். நீங்க சொன்ன நாளுக்கு முந்தியே மாமிக்கு இத்தா முடிஞ்சிரும்" என்றார்.

டிக்கட்டை மாற்றக் காசு போகும் என்பதால், "நாலஞ்சு நாள் கூட இருந்தா என்ன மாமி?" என்று கேட்டுப் பார்த்தேன். மாமி சொன்ன பதில்தான் என்னை உட்காரவைத்தது. "அல்லாஹ் சொன்ன கணக்கு இருக்கக்குள்ள நாம ஏன் மனே கூட்டணும், குறைக்கணும்?"

அன்றிரவு அந்த இரண்டு வரியையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நிரலில் பிழை இல்லை. நான் சொன்னதை அது செய்திருக்கிறது. நான் கேட்க மறந்த கேள்விகளுக்கு அது தானாக விடை போட்டுக்கொண்டு, போட்டதையும் சொல்லாமல் இருந்திருக்கிறது. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு திகதித் துண்டை நாம் 'திகதி வீச்சு' என்று சொல்லலாம். அப்படியொரு வீச்சைக் கணினியிடம் கொடுக்கும்போது நாம் முதலில் தீர்க்கவேண்டிய கேள்விகள் நான்கு. கடைசி நாள் சேருமா? மாதம் என்றால் எத்தனை நாள்? எந்த நாட்காட்டி? நாள் எப்போது தொடங்குகிறது, யாருடைய மணிக்கூட்டில்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடைசி நாள் சேருமா?

பிறை 13, 14, 15 ஆகிய மூன்று வெள்ளை நாட்களிலும் நோன்பு பிடிப்பவர் எத்தனை நோன்பு பிடிக்கிறார்? மூன்று. ஆனால் 15இலிருந்து 13ஐக் கழித்தால் 2தான் வரும். வேலி கட்டுபவருக்கு இது புதினமில்லை. பத்துக் கட்டை நட்டால் நடுவில் ஒன்பது இடைவெளிதான் இருக்கும். கட்டையை எண்ணுகிறோமா, இடைவெளியை எண்ணுகிறோமா என்பதுதான் விசயம். கணினி கழிக்கும்போது இடைவெளியை எண்ணுகிறது. சம்பளம் போடும் எழுதுவினைஞரும் நோன்பு பிடிப்பவரும் கட்டையை எண்ணுகிறார்கள்.

எங்கட பேச்சுத் தமிழ் இதை இன்னும் குழப்பும். 'வெள்ளிக்கிழமை மட்டும் லீவு' என்று எங்கள் பக்கம் ஒருவர் சொன்னால், வெள்ளி ஒருநாள்தான் லீவு என்றும் எடுக்கலாம், வெள்ளிக்கிழமை வரைக்கும் லீவு என்றும் எடுக்கலாம். வரைக்கும் என்றே எடுத்தாலும் வெள்ளி சேருமா சேராதா என்பது சொல்லில் இல்லை. சொல்பவரின் முகத்தைப் பார்த்து நாம் விளங்கிக்கொள்கிறோம். கணினிக்கு முகம் தெரியாது.

நிரலாளர்கள் இதற்குக் கண்ட வழி மிக எளிது. தொடக்க நாளைச் சேர், முடிவு நாளைச் சேர்க்காதே. வெள்ளை நாட்களை '13 முதல் 15 வரை' என்று எழுதாமல், '13இல் தொடங்கி 16க்கு முன் முடியும்' என்று எழுதிவை. இப்போது 16இலிருந்து 13 போக 3. கணக்கு நேராகிவிட்டது. இதை அரைத்திறந்த வீச்சு என்பர். ஒரு பக்கக் கதவு மூடியிருக்கிறது, மற்றப் பக்கம் திறந்திருக்கிறது. நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய ஒரு சிறு குறிப்பில் எண் வரிசைகளுக்கு இந்த முறையே சிறந்தது என்று காரணம் காட்டி வாதிட்டார். நம் கைபேசி நாட்காட்டிகள் ஒன்றுக்கொன்று நிகழ்வுகளைப் பரிமாறப் பயன்படுத்தும் பொது வடிவத்திலும் இதுவே விதி. மூன்று நாள் நிகழ்வொன்றின் முடிவுத் திகதியாக அங்கே நான்காம் நாள்தான் எழுதப்பட்டிருக்கும். மனிதருக்குக் காட்டும்போது மட்டும் ஒருநாளைக் குறைத்துக் காட்டுவார்கள்.

இந்த முறையின் பெரிய இலாபம் அடுத்தடுத்த வீச்சுகளில் தெரியும். ஒன்றின் முடிவே அடுத்ததன் தொடக்கம். நடுவில் ஒருநாளும் விடுபடாது, ஒருநாளும் இரண்டு தரம் எண்ணப்படாது.

இதைச் செய்யாமல் நான் கண்ட நட்டம் ஒன்றையும் சொல்லவேண்டும். நோன்பு மாதத்தில் சேரும் பித்ராக் காசைப் பதியும் சிறிய மென்பொருள் ஒன்றை ஆரம்ப காலத்தில் எழுதினேன். அந்த வருடம் நோன்பு மார்ச் 12இல் தொடங்கி ஏப்ரல் 9இல் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். தரவுத்தளத்திடம் 'மார்ச் 12க்கும் ஏப்ரல் 9க்கும் இடைப்பட்டதெல்லாம் தா' என்று கேட்டேன். எஸ்கியூஎல் மொழியில் 'பிட்வீன்' என்ற சொல் இரண்டு முனையையும் சேர்க்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் பதிவுகளில் திகதியோடு நேரமும் இருந்தது. வெறும் 'ஏப்ரல் 9' என்று கொடுத்தால் தரவுத்தளம் அதை ஏப்ரல் 9 நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கணத்துக்குப் பிறகு 9ஆம் திகதி முழுவதும் பதிந்த காசு கணக்குக்கு வெளியே நின்றுவிட்டது. பித்ரா எப்போது குவியும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பெருநாளுக்கு முந்திய நாளில்தான். பெட்டியில் காசு இருக்கிறது, கணினி அறிக்கையில் இல்லை. காசு சேர்த்த பிள்ளைகள் மேல்தான் முதலில் எல்லோருடைய கண்ணும் போனது. பிழை என்னுடையது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் எடுத்தது. இன்று அதை 'மார்ச் 12 அல்லது அதற்குப் பின், ஏப்ரல் 10க்கு முன்' என்று எழுதுகிறேன்.

மாதம் என்றால் எத்தனை நாள்?

நாள் என்பது உறுதியான அளவு. மாதம் அப்படியில்லை. ஜனவரி 31உடன் ஒரு மாதத்தைக் கூட்டினால் என்ன திகதி? பெப்ரவரி 31 என்று ஒன்று இல்லை. ஜாவா மொழி அந்த மாதத்தின் கடைசி நாளுக்குப் பின்வாங்கி பெப்ரவரி 28 என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் மிஞ்சிய நாட்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளி மார்ச் 3 என்று சொல்லும். (லீப் வருடமானால் முன்னது பெப்ரவரி 29, பின்னது மார்ச் 2.) இரண்டும் பிழையென்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் ஒரு தீர்மானம், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. ஜாவாவில் ஜனவரி 31உடன் ஒரு மாதத்தைக் கூட்டி, வந்த விடையுடன் இன்னொரு மாதத்தைக் கூட்டினால் மார்ச் 28. ஒரேயடியாக இரண்டு மாதத்தைக் கூட்டினால் மார்ச் 31. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்ற கணக்கு மாதத்தில் செல்லாது. ஆகவே தவணைக் கட்டணம், கடன் முறி போன்றவற்றை எழுதுகிறவர்கள் எப்போதும் முதல் திகதியிலிருந்தே கூட்டவேண்டும். போன மாதத்து விடையிலிருந்து கூட்டிக்கொண்டு போகக்கூடாது.

பெப்ரவரி மாதத்தால் நம் நாட்டு நிரலாளர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சூடுபட்ட இடம் தேசிய அடையாள அட்டை. பழைய அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அத்துடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 2016க்குப் பிறகு வந்த 12 இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக மாறியது, நாள் எண்ணும் முறை மாறவில்லை. இதில் சூட்சுமம் என்னவென்றால், எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே எண்ணப்படுகிறது. 1985 லீப் வருடம் இல்லை. அந்த வருடம் மார்ச் 1ஆம் திகதி உண்மையில் 60ஆவது நாள். ஆனால் அன்று பிறந்த ஆணின் அட்டையில் 061 என்றும் பெண்ணின் அட்டையில் 561 என்றும் இருக்கும். இது தெரியாமல், 1985இன் 61ஆவது நாள் எது என்று கணினியிடம் கேட்டால் மார்ச் 2 என்று சொல்லும். மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்த அத்தனை பேருக்கும், லீப் வருடத்துப் பிள்ளைகள் நீங்கலாக, பிறந்தநாள் ஒருநாள் பிந்திவிடும். வயதெல்லை பார்க்கும் விண்ணப்பங்களில் அந்த ஒருநாள் ஒருவரின் வாய்ப்பையே தட்டிப் பறிக்கக்கூடும்.

மாமியின் கணக்குக்கு வருவோம். ஜூலை 5 முதல் நான்கு ஆங்கில மாதம் என்பது 123 நாள். ஜூலை, ஆகஸ்ட், ஒக்டோபர் மூன்றும் 31 நாள், செப்டம்பர் மட்டும் 30. பத்தைக் கூட்ட 133. பிறை மாதமோ 29 அல்லது 30 நாள்தான். என் நிரல் எங்கே வழிதவறியது என்பது இதிலேயே தெரிகிறது.

எந்த நாட்காட்டி?

மௌலவி எனக்குக் காட்டித்தந்த முறை இது. மௌத்து மாதத்தின் நடுவில் நடந்தால், அந்த உடைந்த மாதத்தைக் கடைசியில் 30 நாளாக நிரப்பவேண்டும். இடையில் வரும் மூன்று மாதத்தையும் பிறைப்படி எடுக்கவேண்டும், அவை 29 ஆனாலும் 30 ஆனாலும் சரி. பிறகு பத்து நாள். எல்லாவற்றையும் முப்பதாக எடுத்து 130 நாள் எண்ணுகிறவர்களும் உண்டு என்றார். இதில் எது எடுக்கவேண்டும் என்பது உலமாக்களின் வேலை, நிரலாளனின் வேலையில்லை. நிரலாளனின் வேலை, அதைக் கேட்டறிந்து எழுதிவைப்பது. நான் கேட்காமலே எழுதினேன், அதுதான் என் பிழை.

சரி, பிறை மாதத்தைக் கணினி எப்படி அறியும்? 'ஹிஜ்ரி நாட்காட்டி' என்ற பெயரில் மென்பொருள்களுக்குள் கிடப்பது ஒன்றல்ல, பல. ஒரு வகை, 30 வருடச் சுற்றில் 11 வருடங்களுக்கு மட்டும் ஒருநாளைக் கூட்டும் வாய்பாட்டுக் கணக்கு. இன்னொரு வகை, சவூதி அரேபியாவின் உம்முல் குரா நாட்காட்டி, ஜாவா மொழிக்குள் இருப்பது இதுதான். மைக்ரோசொஃப்டின் டொட்நெட்டில் உள்ள ஹிஜ்ரி நாட்காட்டியில், பயன்படுத்துகிறவரே இரண்டு நாள் வரை முன்னாலோ பின்னாலோ தள்ளிக்கொள்ள ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். இது ஊருக்கு ஊர் மாறும் என்று செய்தவர்களே ஒப்புக்கொண்ட மாதிரித்தான்.

நம் நாட்டில் மாதம் பிறப்பதை அறிவிப்பது கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடும் பிறைக் குழு. அதை எந்தச் சூத்திரத்தாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே சூத்திரத்தை விட்டுவிட்டு ஓர் அட்டவணை வைத்தேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு ஹிஜ்ரி மாதத்தின் பெயரும், அது தொடங்கிய ஆங்கிலத் திகதியும் மட்டும். முடிவுத் திகதி என்று ஒரு நிரலே இல்லை. அடுத்த வரியின் தொடக்கம்தான் இந்த வரியின் முடிவு. முன்னே சொன்ன அரைத்திறந்த வீச்சின் அருமை இங்கே தெரிகிறது. தொடக்கத்தையும் முடிவையும் இரண்டு இடத்தில் எழுதினால் என்றாவது ஒருநாள் இரண்டும் சண்டை பிடிக்கும். ஒன்றை மட்டும் எழுதினால் சண்டைக்கு இடமில்லை.

அட்டவணையின் கடைசி வரிக்கு, அதாவது இப்போது நடக்கும் மாதத்துக்கு, முடிவு கிடையாது. 29ஆம் நாள் மஃரிப் வரை யாருக்கும் தெரியாது. இதை வெற்றிடமாகவே விடவேண்டும். பல நிரலாளர்கள் அங்கே 9999ஆம் ஆண்டு டிசம்பர் 31 என்று ஏதாவது போட்டு நிரப்புவார்கள். 'முடியவில்லை' என்பதும் 'எப்போது முடியும் என்று தெரியாது' என்பதும் உண்மையான விடைகள்தான். அவற்றுக்குப் பொய்த் திகதி போடத் தேவையில்லை.

இரண்டு நாட்காட்டியும் ஒன்றுக்கொன்று நழுவிக்கொண்டே போகின்றன. பிறை வருடம் 354 அல்லது 355 நாள். 2000ஆம் ஆண்டில் நோன்புப் பெருநாள் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக இரண்டு வந்தது பலருக்கு ஞாபகமிருக்கும். 2030இல் றமழான் மாதம் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பரில் மறுகாவும் தொடங்கும். 'அந்த வருடத்து நோன்பைத் தா' என்று நிரலிடம் கேட்டால் எதைத் தரும்? ஸகாத்திலும் இதே விசயம்தான். 365 நாளுக்கு ஒருமுறை கொடுத்துவந்தால், ஏறக்குறைய 32 ஆங்கில வருடத்தில் ஒரு முழு வருட ஸகாத் விடுபட்டுப்போகும். அதனால்தான் ஆங்கில வருடத்தில் கணக்கு முடிக்கும் இஸ்லாமிய நிதி நிறுவனங்கள் இரண்டரை வீதத்துக்குப் பதிலாகச் சுமார் 2.577 வீதம் என்று எடுக்கின்றன.

நழுவுவது ஹிஜ்ரி மட்டுமில்லை. எங்கட வட்டைகளில் பெரும்போக வெள்ளாமை ஒரு வருடத்தில் விதைத்து அடுத்த வருடத்தில் வெட்டுகிற போகம். அதனால்தான் காரியாலயங்களில் அதை 2024/25 என்று எழுதுகிறார்கள். '2024இன் விளைச்சல்' என்று வருடத்தை மட்டும் வைத்துத் தேடினால் அரைப் போகம்தான் கிடைக்கும். போகத்துக்கும் தொடக்கம், முடிவு இரண்டையும் வைத்து வீச்சாகவே பதியவேண்டும்.

இரண்டு வீச்சு மோதினால்

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு கால விடுமுறை இருப்பதால் தவணைத் திகதிகள் மற்றப் பாடசாலைகளிலிருந்து வேறுபடுகின்றன. நோன்பு வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னுக்கு வருவதால், இந்த வருடம் ஒரு தவணையில் விழுவது சில வருடங்களில் வேறு தவணைக்குள் போய்விடும். ஒரு தவணையும் நோன்பு மாதமும் ஒன்றில் ஒன்று விழுகின்றனவா என்று எப்படிப் பார்ப்பது?

புதிதாகப் பழகுகிறவர்கள் இதற்கு ஏழெட்டு நிபந்தனை எழுதுவார்கள். உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா, தலை மட்டும் மோதுகிறதா, வால் மட்டும் மோதுகிறதா என்று. இரண்டு வீச்சுகள் ஒன்றுக்கொன்று நிற்கக்கூடிய விதங்கள் மொத்தம் 13 என்று ஜேம்ஸ் ஆலன் 1983இல் வகுத்துக் காட்டினார். அவற்றில் மோதாதவை நான்குதான். ஒன்று மற்றதற்கு முன், அல்லது பின், அல்லது முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொண்டு. மிச்சம் ஒன்பதும் மோதுபவை. ஆகவே மோதலைத் தேடாமல் மோதாமையைத் தேடினால் வேலை சுருங்கும். அரைத்திறந்த வீச்சில் எழுதினால் ஒரே வரிதான். முதலாவது, இரண்டாவது முடியமுன் தொடங்கவேண்டும். இரண்டாவது, முதலாவது முடியமுன் தொடங்கவேண்டும். இரண்டும் உண்மையானால் மோதுகிறது, ஒன்று பொய்த்தாலும் மோதவில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2012 முதல் திகதி வீச்சு என்று தனி வகையே இருக்கிறது. ஒரே மண்டபத்தை ஒரே நாளில் இரண்டு கலியாணத்துக்குக் கொடுக்காமல் அதுவே தடுத்துவிடும்.

நாள் எப்போது தொடங்குகிறது?

ஆங்கில நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. நம் மார்க்க நாள் மஃரிபில் தொடங்குகிறது. மாமா மஃரிபுக்கு முன் மௌத்தானதால் அவரது பிறைத் திகதியில் சந்தேகமில்லை. அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் ஆங்கிலத் திகதி அதேதான், பிறைத் திகதி அடுத்தது. ஆகவே மௌத்துப் பதிவில் திகதி மட்டும் போதாது, மஃரிபுக்கு முன்னா பின்னா என்றும் ஒரு கட்டம் வேண்டும். மாமியிடம் இதைச் சொன்னபோது, "நான் ராவைத்தானே எண்ணிட்டு வாறன்" என்றா. கட்டையை விட்டு இடைவெளியை எண்ணும் முறை அவவுக்கு என்னைவிட முந்தியே தெரிந்திருக்கிறது.

கணினிக்கு மூன்றாவது ஒரு நாளும் உண்டு. இணையத்தில் உள்ள தரவுத்தளங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் பதிகின்றன. நாம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்கிறோம். கல்முனையில் தலைநோன்பு அன்று அதிகாலை 4.30க்குச் சஹர் நேரத்தில் ஒருவர் ஸதகா அனுப்பினால், பொது நேரத்தில் அது முதல்நாள் இரவு 11 மணி. நோன்பு மாதக் கணக்கில் அது சேராது. வீச்சின் இரண்டு முனையையும் முதலில் நம் நேரத்தில் குறித்து, பிறகு பொது நேரத்துக்கு மாற்றித் தேடவேண்டும்.

சரி, ஐந்தரையைக் கூட்டினால் போதும்தானே என்று கேட்பீர்கள். போதாது. மின்சாரத் தட்டுப்பாட்டின் காரணமாக 1996 மே 25இல் இலங்கை மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போனது. அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்வாங்கியது. 2006 ஏப்ரல் 15இல்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. 1996 மே 25க்கு 23 மணித்தியாலம்தான், அதன் நள்ளிரவு 12 மணியே இல்லை. மற்ற இரண்டு நாளும் இருபத்துநாலரை மணித்தியாலம். '24 மணித்தியாலத்தைக் கூட்டினால் அடுத்த நாள்' என்று எழுதிய நிரல்கள் அங்கே இடறும்.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ள முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி அந்த இடைக்காலத்துக்குள்தான் வருகிறது. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தது பொது நேரம் 0 மணி 58 நிமிடம் 53 விநாடி. அன்று நம் மணிக்கூடு ஆறு மணித்தியாலம் முன்னே இருந்தது. ஆகவே இங்கே காலை 6.58. கடல் மருதமுனைக்கும் கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் மாளிகைக்காட்டுக்கும் வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அன்றைய வாக்குமூலங்களைத் தொகுக்கிற ஒரு மாணவர், இன்றைய ஐந்தரையைக் கூட்டி அதிர்வு 6.28க்கு என்று எழுதினால் என்னாகும்? சனங்கள் சொன்ன நேரம் அன்றைய மணிக்கூட்டில் இருக்கும், அதிர்வு நேரம் இன்றைய மணிக்கூட்டில் இருக்கும். எச்சரிக்கை செய்யக் கிடைத்திருக்கக்கூடிய அவகாசம் கடதாசியில் அரை மணித்தியாலம் நீண்டுவிடும். எங்கள் மையவாடிகளில் கிடப்பவர்களின் கணக்கில் அரை மணித்தியாலத்தைப் பிழையாக எழுதக்கூடாது. நேர வலயத்துக்கு வெறும் எண்ணைக் கொடுக்காமல் 'ஆசியா, கொழும்பு' என்ற பெயரைக் கொடுத்தால், இந்த மாற்றங்களை எல்லாம் உலக நேர வலயத் தரவுத்தளம் தானாகவே பார்த்துக்கொள்ளும்.

மாமிக்குச் சொன்ன விடை

நிரலை மாற்றி எழுதினேன். உடைந்த மாதத்துக்கு 30, பத்து நாள், இரண்டும் சேர்ந்து 40. நடுவில் மூன்று பிறை மாதம், மூன்றும் 29 ஆனால் 87, மூன்றும் 30 ஆனால் 90. ஆக 127 முதல் 130 நாள். ஜூலை 5இலிருந்து எண்ணினால், நவம்பர் 9க்கும் 12க்கும் இடையில் ஏதோவொரு நாள். நிரல் இப்போது ஒரு திகதியைச் சொல்லவில்லை. முந்தியது இது, பிந்தியது இது, இன்னும் மூன்று பிறை பார்க்கவேண்டும் என்று சொன்னது. ஒவ்வொரு பிறை அறிவிப்புக்கும் ஒருநாள் சந்தேகம் கழியும். மூன்றாவது பிறையோடு ஒரே நாள் மிஞ்சும்.

இதை மச்சானிடம் சொன்னபோது அவன் முதலில் கோபப்பட்டான். "அப்ப உனக்கும் தெரியாதுதானே?" என்றான். எனக்கு மட்டுமில்லை, பிறை காணும்வரை ஒருவருக்கும் தெரியாது என்றேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, டிக்கட்டை நவம்பர் 8க்கு மாற்றினான். மாற்றிய காசில் பாதியை நான் கொடுத்தேன், பிழை என்னுடையதுதானே. மூன்றாவது பிறையும் பார்த்தபின் மௌலவி சொன்ன நாளும் நிரல் சொன்ன நாளும் ஒன்றாகவே இருந்தது. அன்று அவன் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தான்.

இப்போது நான் படிப்பிக்கும் பிள்ளைகளுக்கு நிரல் எழுத முன் ஒரு கடதாசியை எடுக்கச் சொல்கிறேன். அதில் முன்னே சொன்ன நான்கு கேள்வியையும், யாரிடம் கேட்டு விடை பெற்றோம் என்பதையும் எழுதவேண்டும். விடை இன்னும் தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதவேண்டும். அதற்குப் பிறகு எழுதும் நிரல் இரண்டு வரிதான் வரும். என்னுடைய முதல் நிரலும் இரண்டு வரிதான்.